ஊர் சொன்னதும் சாமி சொன்னதும்

எங்கப்பா இருபத்திரண்டு வருஷம் உபதேசியாரா இருந்தார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, பெரிய ரோட்டிலிருந்து உள்ளடங்கிக் கிடக்கிற ஒரு ஊர்ல. சேரியில இருந்த குருசடியில விளக்கு ஏத்தறது, பிள்ளைங்களுக்கு மந்திரம் கத்துக் குடுக்கிறது, சாவு விழுந்தா விடிய விடிய உட்கார்ந்து செபமாலை சொல்றது, இதெல்லாம் அவர் வேலை. மாசச் சம்பளம் எவ்வளவுன்னு சொன்னா சிரிப்பீங்க. ஊர்த்தெருவுல இருந்த பெரிய கோயில்ல அவருக்கு எது இடம்னு சொன்னா சிரிக்க மாட்டீங்க. இடது பக்கம், பின்னாடி, தரை. சேரிக்கு அவர்தான் சாமியாருக்கு அடுத்த ஆள். கோயிலுக்குள்ள போனா சேரியில ஒரு ஆள். அவ்வளவுதான்.

அந்தத் தரையில உட்கார்ந்து நான் அடிக்கடி கேட்ட பிரசங்கம் ஒன்று உண்டு. மனுஷன் சொல்ற யோசனையைக் கேட்டு ஓடாதீங்க, கடவுள் சித்தம் எதுன்னு செபம் பண்ணித் தேடுங்க, மனுஷன் இன்னிக்கி ஒண்ணு சொல்வான், நாளைக்கு ஒண்ணு சொல்வான், ஆண்டவர் மாறமாட்டார். கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும். எங்க ஆயா கண்ணை மூடிக்கிட்டு தலையாட்டும். ஆனா இந்தப் பிரசங்கம் எப்பப்ப வரும்னு நான் வளர வளர கவனிச்சேன். காலனிப் பசங்க நாலு பேர் சேர்ந்து அம்பேத்கர் படம் போட்ட போர்டு எழுதினா அடுத்த ஞாயிறு வரும். கூலி பத்தலைன்னு கரும்பு வெட்டப் போகாம நின்னா வரும். தேர் ஏன் எங்க தெருவுக்கு வரலைன்னு யாராவது கேட்டா, கேட்ட வாரமே வரும். 1978 ஜூலையில விழுப்புரத்துல நம்ம சனம் 12 பேரைக் கொன்னு போட்டாங்க. அதுக்குப் பிறகு வந்த ஞாயித்துக்கிழமையும் இதேதான் வந்துச்சின்னு எங்கப்பா சொல்லுவார். யாரும் பேச்சைக் கேட்டு விழுப்புரம் பக்கம் போயிடாதீங்க, ஆண்டவரைத் தேடுங்க.

அதாவது, 'மனுஷ யோசனை' என்றால் எங்களுக்கு எங்க ஆள் சொல்லும் யோசனை. வக்கீல் சொல்வது, சங்கத்துக்காரன் சொல்வது, படித்துவிட்டு வந்த பெண் சொல்வது. ஊர்த்தெரு நாட்டாமை சொல்வது மனுஷ யோசனை ஆகாது. அது வழக்கம். அது சமாதானம். அது பங்கின் நன்மை.

கடவுள் வழியைத் தேட வேண்டியதில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மதம் ஒரு அபின் என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகிற தோழர்களுக்கு என் அம்மா கையிலிருந்த செபமாலை புரியாது. அந்த மணிகளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடவு நட்ட கையோடு ஆறு பிள்ளைகளைக் கரை சேர்த்தாள். அந்தப் பிரசங்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டே கேட்கிறேன். மனித ஆலோசனைக்கு மேலாகக் கடவுளின் வழிநடத்துதலைத் தேட வேண்டும். சரி. இந்தத் திருச்சபை என்றைக்காவது அப்படித் தேடியிருக்கிறதா? சாதி விஷயத்தில் அது யார் யோசனையைக் கேட்டு நடந்தது? இதுதான் என் கேள்வி.

*

பழைய கதையிலிருந்து வருவோம். ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து, பிராமணர்களை மதம் மாற்ற வேண்டுமானால் பிராமணரைப் போல வாழ வேண்டும் என்று முடிவு செய்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் கிறித்தவனுக்கு ஆகுமா என்று ரோமில் வழக்கு நடந்தது. 1623இல் 15ஆம் கிரகோரி பாப்பரசர், மூடநம்பிக்கையை விலக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். அந்த விசாரணையில் எத்தனையோ பண்டிதர்களின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். பறையனை யாரும் கேட்கவில்லை. பூணூல் எங்கள் கழுத்தில் என்னவாக இறுக்குகிறது என்று எங்களைக் கேட்காமலேயே அது வெறும் குல அடையாளம் என்று தீர்ப்பாயிற்று.

1704இல் ரோமிலிருந்து வந்த தூர்னோன் என்ற தூதர் நம் பக்கத்துப் புதுச்சேரியில் உட்கார்ந்து ஒரு ஆணை போட்டார். அதில் ஒன்று, நோயில் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் குருக்கள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது. இதற்கு ஒரு ஆணை தேவைப்பட்டிருக்கிறது என்பதே வெட்கம். அந்த ஆணையைத் தளர்த்தச் சொல்லி நாற்பது வருஷம் இழுத்தார்கள். பறையர் குடிசைக்குள் போன சாமியாரை மற்ற சாதியார் தங்கள் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள், அப்புறம் மிஷனே அழிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் 1744இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் காலத்தில் ஒரு சமரசம் வந்தது. பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் போக வேண்டும் என்ற கட்டளையும் நின்றது, தீண்டாமையும் நின்றது. குருக்களே இரண்டு சாதி ஆனார்கள். சொல்லுங்கள், இது பரிசுத்த ஆவியின் ஆலோசனையா, ஊர் ஆலோசனையா?

அதற்கு அடுத்த வருஷம், 1745இல், அதே புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் தினப்படி சேதிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்கு உள்ளே பறையருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர். பறைக் கிறித்தவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் எங்களுக்கு ஏன் சுவர் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். இருநூற்று எண்பது வருஷத்துக்கு முந்தி பேர் தெரியாத எங்கள் பாட்டன்கள் கோயில் முற்றத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் சட்டம் இல்லை, ஓட்டு இல்லை, போர்டு இல்லை. யார் யோசனை சொல்லி அவர்கள் போனார்கள்? அன்றைக்கு இருந்த மனுஷ யோசனை எல்லாம் பொறுத்துப் போ என்பதுதான். அதைத் தாண்டி அவர்களைக் கிளப்பிவிட்டது எதுவோ அதைத்தான் நான் கடவுளின் வழிநடத்துதல் என்கிறேன். அது குருமடத்திலிருந்து புறப்பட்டு வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து வந்தது.

*

பழைய கதை ஏன் என்பீர்கள். புதுக் கதைக்கு வருவோம். எறையூர், உளுந்தூர்பேட்டைப் பக்கம். இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். 2008இல் அது விழுப்புரம் மாவட்டம். செபமாலை மாதா கோயில். வன்னியக் கிறித்தவர்கள் பெரும்பான்மை, தலித் கிறித்தவர்கள் சிறுபான்மை. கோயிலில் தனி இடம், பிணத்துக்குத் தனி வண்டி, தனிப் பாதை, தனிக் கல்லறை. கேட்டுக் கேட்டு அலுத்துப் போன தலித் மக்கள் எங்களுக்குச் சகாய மாதா பெயரில் தனிப் பங்கே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி தலித் தெருவைத் தாக்கினார்கள். வீடுகள் நொறுங்கின. போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பேரும் வன்னியக் கிறித்தவர்கள்.

அந்த இரண்டு உயிருக்காகவும் நான் வருத்தப்படுகிறேன். அவர்களும் வெயிலில் காய்கிற சனம்தான். அந்த இரண்டு பேரையும் தெருவுக்கு அனுப்பிய யோசனை எது? அவர்கள் கையில் கட்டையைக் கொடுத்தது ஒரு நாள் கோபம் இல்லை. சொர்க்கத்துக்கு ஒரே வாசல், சுடுகாட்டுக்கு மட்டும் ரெண்டு பாதை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்த திருச்சபையின் மவுனம். மவுனமும் ஒரு யோசனைதான். ஊர் அதை ரொம்பச் சரியாகப் புரிந்துகொள்ளும்.

தீர்மானங்களுக்குக் குறைச்சல் இல்லை. 2003இல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, சாதிப் பாகுபாடு ஆகாது என்று இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அவர்களிடமே சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. ரோம் சொல்லிவிட்டது, பேரவை சொல்லிவிட்டது. ஆனால் பங்குத்தந்தை முன்னால் ஊர் வந்து உட்கார்ந்து, "சாமி, இது எங்க வழக்கம்" என்று சொன்னதும் ரோம் தோற்றுவிடுகிறது. ஆயர் தோற்றுவிடுகிறார். பாவம், நற்கருணைப் பேழைக்குள் இருக்கிறவரும் தோற்றுவிடுகிறார். இந்தக் கோயிலில் ஊர்தான் கடைசி நீதிமன்றம்.

இன்னொரு விஷயம். பல ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். எங்களிடம் வாங்கமாட்டார்கள். ஏழைகள் மேல் இரக்கம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். இரக்கமெல்லாம் இல்லை. வரி வாங்கினால் வரவு செலவில் கேள்வி கேட்பான். தேர் ஏன் எங்க தெருவுக்கு வரலைன்னு உரிமையோடு கேட்பான். அதனால்தான் எங்கள் காசு தீட்டு. அதே சமயம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற அறிக்கையில் எங்கள் வறுமை தீட்டு இல்லை.

*

கத்தோலிக்கக் கோயில் மட்டும்தான் இப்படி என்று சீர்திருத்தச் சபைக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். எங்கத்தை எண்பதுகளில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். ஏன் போனார்? அங்கே பாய் ஒன்றுதான். யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். கைதட்டிப் பாடலாம். எங்கத்தை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். அந்த விடுதலையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அத்தை மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தபோது பாஸ்டரிடம் கேட்டார்கள். அவர் மூன்று நாள் உபவாசம் இருந்து, தேவசித்தம் இல்லை, பட்டணம் பிள்ளையைக் கெடுக்கும் என்றார். பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். அது மனுஷ யோசனை என்று தள்ளிவிட்டார்கள். அவள் மூன்று வருஷம் செங்கல் சூளையில் மண் மிதித்தாள். இப்போது அவளுக்கு ஐம்பது வயது. போன வருஷம் என்னிடம் சொன்னாள்: "மாமா, எனக்கு சித்தம் இல்லன்னு அவருகிட்ட சொன்ன ஆண்டவரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நானும் தானே முட்டி போட்டேன்."

இதற்கு எந்த வேத பண்டிதர் பதில் சொல்வார்?

கல்யாண விஷயத்தைப் பாருங்கள். வரன் பார்க்கும்போது எல்லோரும் தேவசித்தத்துக்காகத்தான் ஜெபிக்கிறார்கள். நாற்பது நாள் காத்திருக்கிறார்கள். வசனம் கேட்கிறார்கள், அடையாளம் கேட்கிறார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் தேவசித்தம் அதே சாதிக்குள், அதே உட்பிரிவுக்குள், முடிந்தால் அதே மாவட்டத்துக்குள் வந்து விழுகிறது. கிறித்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியைப் புரட்டுங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, என்று ஆரம்பித்து அடுத்த வரியில் சாதிப் பெயர் வரும். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு இத்தனை கச்சிதமாக ஊர்த்தெரு எல்லை தெரியும் என்பது ஆச்சரியம்தான். வாயால் கேட்பது கடவுளை, காது கொடுப்பது சாதிக்கு.

அரசாங்கமும் இதில் கூட்டாளி. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவனும் முஸ்லிமும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சேர்க்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். கிறித்தவத்தில் சாதி இல்லையே என்று டெல்லி சொல்கிறது. எறையூர்ப் பிணவண்டியைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். இதனால் எங்கள் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். கோயில் ரெஜிஸ்டரில் ஒன்று, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் ஒன்று. பொய் சொல்கிறோம் என்று பிரசங்க மேடையிலிருந்து எங்களைக் குத்துகிறார்கள். பசியில் இருக்கிறவனை இரண்டு பெயர் வைத்துக்கொள்ள வைத்த சட்டத்தை அந்த மேடை எத்தனை தரம் குத்தியிருக்கிறது?

*

சரி, வேதத்தைப் பார்ப்போம். மனுஷ யோசனையா, கடவுள் வழியா என்ற கேள்வி அங்கே எப்படி வருகிறது?

எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் வருகிறார்கள். அப்பன் வனாந்தரத்தில் செத்துப்போனான், ஆண்பிள்ளை இல்லை. வழக்கப்படி பொம்பளைக்கு நிலம் இல்லை. ஐந்து பேரும் கூடாரத்து வாசலில், மோசே முன்னால், குரு முன்னால், தலைவர்கள் முன்னால், மொத்த சபை முன்னால் நின்று எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசே வழக்கத்தைக் காட்டி அவர்களை அனுப்பிவிடவில்லை. தலைவர்களைக் கூட்டி யோசனை கேட்கவும் இல்லை. கடவுளிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வந்தது. சட்டமே மாறியது.

கவனியுங்கள். முதலில் வந்தது கேள்வி. அப்புறம்தான் வழிநடத்துதல். கேட்காமல் பொறுத்துப் போயிருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது. இந்த நாட்டில் நிலம் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? செங்கல்பட்டுச் சீமையில் பறையருக்கு நிலம் வேண்டும் என்று வாதாடிய ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இருந்தார்கள். கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 10ஆம் தேதி, அந்த நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. காரணைப் போராட்டத்தின் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். பெயர்களைப் பாருங்கள். ஒருவர் கிறித்தவப் பெயர், ஒருவர் இந்துப் பெயர். குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சேர்ந்து நின்ற சனத்துக்கும் தெரியவில்லை. 1950 ஆணைக்குத்தான் தெரிகிறது.

இன்னொன்று அந்தியோக்கியா. எங்க கோயில் பழைய பாஷையில் சொன்னால் இராயப்பரும் சின்னப்பரும் மோதிக்கொண்ட இடம். இராயப்பர் புறச் சாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பெரிய மனிதர்கள் வந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு ஒதுங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். திருச்சபைக்குப் பாறை என்று சொல்லப்பட்டவர், ஊர் என்ன சொல்லுமோ என்று எழுந்துவிட்டார். சின்னப்பர் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானமாகப் பேசி முடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். திருச்சபையின் முதல் பந்திச் சண்டை அது. தனிப் பந்தி போட்டது தவறு என்று அன்றைக்கே தீர்ந்த வழக்கு. அதைத்தான் இரண்டாயிரம் வருஷம் கழித்து எங்கள் ஊரில், செபம் பண்ணி யோசிக்கலாம் என்கிறார்கள்.

*

இப்போது ஆயா சாவுக்கு வருகிறேன்.

1985, கார்த்திகை மாசம், அடைமழை. எங்க சனத்துக்குப் பிணம் தூக்கிப் போகும் வழி ஓடையோரம். ஓடை இடுப்புக்கு மேல் போகுது. ஊர்த்தெரு வழியாகப் போனால் கல்லறைக்குக் கால் மணி நேரம். எங்கப்பா கோயிலுக்குப் போய்க் கேட்டார். உள்ளே ஊர்ப் பெரியவர்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெளியே மழையில் நின்றார். வந்த பதில் இதுதான்: "உபதேசியாரே, நீங்களே அவசரப்பட்டா எப்படி? ராத்திரி செபம் பண்ணுங்க. கடவுள் சித்தம் என்னான்னு கேளுங்க. மழை விட்டதும் உங்க வழியிலேயே தூக்கிக்கலாம்."

அப்பா வந்தார். ஆயாவைக் கிடத்தியிருந்த திண்ணையில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க முட்டி போட்டபடி இருந்தார். நாங்க யாரும் பேசவில்லை. விடிஞ்சதும் எழுந்து, "கேட்டுட்டேன். தெரு வழியா தூக்குங்க" என்றார்.

தெருமுனையில் மாட்டுவண்டியைக் குறுக்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். கட்டைகளோடு பத்துப் பதினைஞ்சு பேர். அப்பா சண்டை போடவில்லை. பாடையை நடுத்தெருவில் இறக்கச் சொன்னார். ஆயா தலைமாட்டில் மழையில் முட்டி போட்டு செபமாலை ஆரம்பித்தார். பொம்பளைங்க பதில் சொன்னாங்க. அம்பத்துமூணு மணி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அவர்களும் அதே செபத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். வண்டிக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவிக்கு வாய் தானாக முணுமுணுத்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வண்டியை யாரோ தள்ளினார்கள். ஆயா ஊர்த்தெரு வழியாகப் போனாள். எங்க குடும்பத்தில் முதல் ஆளாக.

அடுத்த வாரம் அப்பாவுக்கு உபதேசியார் வேலை இல்லை. சமாதானத்தைக் குலைத்தார் என்று காரணம். அதன் பிறகு அவர் கரும்பு வெட்டப் போனார்.

ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன்: "யப்பா, அன்னிக்கி ராத்திரி சாமி என்னாதான் சொல்லுச்சி?"

"சாமி ஒண்ணும் சொல்லலடா. ஆயா காலு நனையுது, நனையுதுன்னு அது மட்டும்தான் தெரிஞ்சிச்சி."

நான் படித்த எந்த இறையியல் புத்தகமும் கடவுளின் வழிநடத்துதல் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

*

"அப்போ நீ சொல்றதும் மனுஷ யோசனைதானே, உன் பேச்சை எதுக்குக் கேக்கணும்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டாம். ஆனால் இனி யார் வந்து கடவுள் சித்தம் என்று சொன்னாலும் மூன்றைக் கேளுங்கள். இந்தச் சித்தத்துக்கு யார் முதுகில் பாரம் ஏறுகிறது? சொல்கிறவர் அந்தப் பாரத்தில் ஒரு முனையைத் தூக்குகிறாரா? பாரம் சுமக்கிறவளிடம் கேட்டார்களா? ஏற்கனவே குனிந்திருப்பவனை இன்னும் குனியச் சொல்கிற யோசனை எந்த வாயிலிருந்து வந்தாலும் அது ஊர் யோசனை.

இந்தக் கேள்விகள் நம்மையும் விடாது. நமக்குத் துணி வெளுத்து, நம் சாவுக்கு முன்னால் நிற்கிற புதிரை வண்ணார் வீட்டுக் கல்யாணத்தில் நாம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோமா? அருந்ததியர் வீட்டில் பெண் எடுக்க எந்தப் பறைக் கிறித்தவன் தேவசித்தம் தேடியிருக்கிறான்? ஏரிக்கரை இருளர் பிள்ளையை நம் குருசடிக்குள் எந்த இடத்தில் உட்காரச் சொல்கிறோம்? எங்கப்பா ஆயாவுக்காக முட்டி போட்டார். அந்த மழையில் பதில் சொன்ன பொம்பளைங்களில் ஒருத்தியாவது இன்றைக்கு வரைக்கும் எங்க காலனிக் கமிட்டியில் இருக்கிறாளா? இல்லை. நமக்கு இந்தப் பக்கமும் ஒரு சுவர் இருக்கிறது. அதை இடிக்கச் சொல்லி நம்மிடம் யாராவது வரும்போது, செபம் பண்ணி யோசிக்கலாம் என்று நாமும் சொல்லிவிடக் கூடாது.

குருக்களுக்கும் ஆயர்களுக்கும் பாஸ்டர்களுக்கும் சொல்கிறோம். எங்களுக்கு ஆலோசனை போதும். ஒரே கல்லறை, ஒரே பாதை, ஒரே வண்டி. தேர் எல்லாத் தெருவுக்கும். தலைக்கட்டு வரி எங்களிடமும். பங்குப் பேரவையில் எங்கள் எண்ணிக்கைக்குத் தக்க நாற்காலி, அதில் பாதி பெண்களுக்கு. மறுக்கிற ஊரில் திருவிழாக் கொடி ஏறக்கூடாது. ஊர் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போகட்டும். அந்தியோக்கியாவில் எருசலேம் பெரிய மனிதர்களும் கோபித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

கடவுளைக் கேளுங்கள், கடவுளைக் கேளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டோம், ஓடைத் தண்ணியில் நின்று கேட்டோம், நடுத்தெருவில் பாடையை இறக்கி வைத்துக் கேட்டோம். எங்களுக்குப் பதில் வந்துவிட்டது. நீங்க எப்ப கேக்கப் போறீங்க?